முதியோர் தற்கொலை: குடும்பங்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

மருத்துவமனை ஒன்றின் முதியோர் நலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். மருத்துவரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, வெளியே வந்ததும் வராந்தாவில் என்னை நிறுத்திக் கேட்பவர்கள் பலர். மகன், மருமகள், சில நேரம் பேத்தி. கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால் அவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் இப்போதே ஆபத்து என்று தோன்றினால் மற்றவற்றை விட்டுவிட்டு நேராக 6ஆம் கேள்விக்குப் போங்கள்.

1. வயதானவர்களுமா தற்கொலை செய்துகொள்கிறார்கள்? இது இளைஞர்களின் பிரச்சினை இல்லையா?

தேர்வில் தோற்ற மாணவரின் மரணம் செய்தியாகிறது. எண்பது வயதுப் பாட்டியின் மரணம் ஆவதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அவர்களில் 19,834 பேர் தமிழ்நாட்டினர்; மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. தலைக்கணக்காகப் பார்த்தால் இளையவர்களும் நடுவயதினரும்தான் அதிகம். ஆனால் அந்தந்த வயதினரில் லட்சம் பேருக்கு எத்தனை பேர் என்று பார்த்தால், உலகின் பெரும்பாலான பகுதிகளில் எழுபதைத் தாண்டியவர்களிடம்தான் விகிதம் உயர்ந்து நிற்கிறது. பதிவாகாமல் போவதும் முதியவர்களிடம் சுலபம். 'மாத்திரையை மாற்றிச் சாப்பிட்டுவிட்டார்', 'தடுமாறி விழுந்துவிட்டார்' என்று சொன்னால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. இளையவர்களிடம் முயற்சிகள் பல, அவற்றில் பெரும்பாலானவர்கள் பிழைத்துவிடுகிறார்கள். முதியவர்களிடம் முயற்சி குறைவு, ஆனால் மரணத்தில் முடிவது அதிகம். உடம்பு தாங்குவதில்லை, தனியாக இருப்பதால் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது, முன்கூட்டி யாரிடமும் வாய் திறப்பதும் குறைவு. ஆகவே 'ஒரு முறை ஏதாவது நடந்தால் பார்த்துக்கொள்ளலாம்' என்று காத்திருக்க முதியவர் விஷயத்தில் இடமில்லை.

2. என் மாமியார் தினமும் 'போய்ச் சேர்ந்தால் போதும்' என்கிறார். இதற்கெல்லாம் பயப்பட வேண்டுமா?

நம் ஊரில் வயதானவர்கள் இப்படிப் பேசுவது சகஜம். 'எமனுக்கு என் விலாசம் மறந்துவிட்டது' என்று சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்தில் பேரன் கல்யாணத்துக்கு எந்தப் புடவை கட்டுவது என்று கேட்பவர் வாழ்க்கையோடுதான் இருக்கிறார். அந்தப் பேச்சுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று கவனியுங்கள். நாளையைப் பற்றிய ஏதாவது ஓர் ஆசை, ஒரு கோபம், ஒரு குறை ஒட்டிக்கொண்டு வந்தால் சற்று ஆறுதல்.

இதுவரை அப்படிப் பேசாதவர் புதிதாகப் பேச ஆரம்பித்தால், அல்லது தினமும் புலம்பியவர் திடீரென்று புலம்பலை நிறுத்திவிட்டால், சும்மா விடாதீர்கள். 'நான் இல்லாவிட்டால் உங்களுக்கெல்லாம் நிம்மதி' என்ற வகைப் பேச்சை மட்டும் எந்த நிலையிலும் வழக்கமான புலம்பலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது ஏன் என்று 8ஆம் பதிலில் சொல்கிறேன். சந்தேகம் இருந்தால் கேட்டுவிடுவதுதான் வழி. எப்படிக் கேட்பது என்பது 5ஆம் பதிலில் இருக்கிறது.

3. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? அவர்தான் எதுவுமே சொல்வதில்லையே.

வாய் சொல்லாததை அலமாரி சொல்லும். எங்கள் பிரிவில் மருந்துப் பையைக் கொண்டுவரச் சொல்வோம். ஒரு முறை வந்த பையில் ரத்த அழுத்த மாத்திரை அட்டை முதல் வரிசையோடு நின்றிருந்தது; மீதி மாத்திரைகள் பிரிக்கப்படவே இல்லை. பக்கத்திலேயே முழங்கால் வலித் தைலம் மட்டும் அடிமட்டம் வரை தீர்ந்திருந்தது. இன்றைய வலியைத் தணிக்கிறார், நாளைக்கான மாத்திரையை விட்டுவிட்டார். அந்த அட்டையைப் பார்த்துதான் மருத்துவர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

மருந்தை நிறுத்துவது, சாப்பாட்டைக் குறைப்பது, விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக் கூரையைப் பார்த்துப் படுத்திருப்பது, தினமும் போன கோயிலுக்கோ டீக்கடைக்கோ போகாமல் இருப்பது, குளிக்கவும் சவரம் செய்யவும் அலுத்துக்கொள்வது, குடி கூடுவது, மாத்திரைகளைச் சேர்த்து வைப்பது ஆகியவை கவனிக்க வேண்டியவை. மோதிரத்தை, கைக்கடிகாரத்தை, பித்தளைப் பாத்திரங்களைக் காரணமில்லாமல் பங்கிட்டுக் கொடுப்பதும் அப்படித்தான். உயிலை ஒழுங்காக எழுதி வைப்பது பொறுப்பான காரியம்தான். ஆனால் பாஸ்புக், பத்திரம், எரிவாயு இணைப்புப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் அவசரமாக ஒப்படைப்பது வேறு. வெகுநாள் வாடிக் கிடந்தவர் ஒருநாள் திடீரென்று தெளிவாகவும் அமைதியாகவும் தெரிந்தால், 'அப்பாடா, சரியாகிவிட்டார்' என்று விலகிவிட வேண்டாம். பக்கத்திலேயே இருங்கள்.

நேரமும் முக்கியம். துணை இறந்த முதல் ஆண்டு, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்கள், பெரிய நோய் ஒன்றின் பெயரை முதன்முதலாகக் கேட்ட நாட்கள், சொந்த வீட்டை விட்டுப் பிள்ளை வீட்டுக்கோ இல்லத்துக்கோ மாறிய காலம் ஆகியவற்றில் கண் கூடுதலாக இருக்கட்டும்.

4. வயதானால் மனச்சோர்வு இயல்புதானே? அதற்கு ஏன் மருந்து?

முதியவர்களின் உயிரைப் பறிப்பதில் இந்த ஒரு வாக்கியத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம். குடும்பமும் சொல்கிறது, சில மருத்துவர்களும் சொல்கிறார்கள், கடைசியில் அந்த முதியவரே நம்பிவிடுகிறார். துக்கம் இயல்பு. துணையை இழந்தவர் அழுவார், நண்பரின் மரணச் செய்தி வந்தால் இரண்டு நாள் பேசமாட்டார். ஆனால் வாரக்கணக்கில் எதிலும் ருசியில்லை, எதிலும் பிடிப்பில்லை, தூக்கமும் பசியும் போய்விட்டன என்றால் அது மனச்சோர்வு நோய். எழுபது வயதில் வரும் நிமோனியாவுக்கு எப்படி மருந்து உண்டோ அப்படியே இதற்கும் உண்டு.

முதியவரிடம் இந்த நோய் பல நேரம் கண்ணீரோடு வராது. 'வயிறு கபகபவென்று எரிகிறது', 'உடம்பெல்லாம் குடைகிறது', 'தலை கனக்கிறது' என்று உடம்பின் மொழியில் வரும். ஸ்கேன் எடுப்பார்கள், ஒன்றும் இருக்காது. தற்கொலையால் இறந்த முதியவர்களில் பலர் அதற்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் ஏதோ ஒரு மருத்துவரைப் பார்த்திருக்கிறார்கள் என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன. முழங்காலுக்கும் வயிற்றுக்கும் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பியவர்கள் அவர்கள். ஆகவே அடுத்த முறை கூடப் போகும்போது, 'தூக்கம் இல்லை, பேச்சு குறைந்துவிட்டது, வாழப் பிடிக்கவில்லை என்கிறார்' என்பதை நீங்களே மருத்துவரிடம் சொல்லுங்கள். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவையும் இதே தோற்றத்தில் வரும். முதல் இரண்டும் ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

மனச்சோர்வுக்கான மாத்திரை அன்றே வேலை செய்யாது. இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும், முதியவர்களுக்குச் சில நேரம் இன்னும் தாமதமாகும். பத்தாம் நாள் 'பிரயோஜனம் இல்லை' என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம். இவை போதைப் பழக்கம் ஏற்படுத்தும் தூக்க மாத்திரைகள் அல்ல. சிலருக்கு ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும் என்பதால் ஆரம்பத்தில் பரிசோதனை செய்யச் சொல்வார்கள், அதைத் தவிர்க்க வேண்டாம். 'கரண்ட் வைப்பார்கள்' என்று பயப்படும் சிகிச்சையும் இன்று மயக்க மருந்து கொடுத்துச் செய்யப்படுகிறது. சோறு தண்ணீரையே மறுக்கும் அளவுக்குப் போனவர்கள் அதனால் மீண்டு வந்து சாப்பாட்டில் உப்பு போதவில்லை என்று சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

5. நேரடியாகக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்தது போல ஆகாதா?

ஆகாது. கேட்பதால் தற்கொலை எண்ணம் உருவாவதில்லை என்று திரும்பத் திரும்ப ஆய்வுகளில் பார்த்துவிட்டார்கள். உள்ளே அந்த எண்ணத்தோடு தனியாகப் போராடுபவருக்கு, ஒருவர் அதைப் பெயர் சொல்லிக் கேட்டதே பாதிப் பாரத்தை இறக்கி வைக்கும்.

சமையலறையிலிருந்து குரல் கொடுத்துக் கேட்கும் கேள்வி இல்லை இது. தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். காது கேட்கும் கருவி இருந்தால் மாட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். பாதி கேட்காமல் தலையாட்டுவார்கள். 'அப்பா, கொஞ்ச நாளாக நீங்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. இப்படி இருக்கும்போது சிலருக்கு வாழவே வேண்டாம் என்று தோன்றும். உங்களுக்கு அப்படித் தோன்றுகிறதா?' என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அடுத்தது: 'உயிரை மாய்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தீர்களா? எப்போது, எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறீர்களா?' கேட்க நா எழாது என்று எனக்குத் தெரியும். கேட்டுவிடுங்கள். திட்டம் வரை யோசித்திருக்கிறார் என்றால் ஆபத்து நெருக்கம் என்று அர்த்தம்.

கேட்ட பிறகு வாயை அடக்குவதுதான் கஷ்டமான பகுதி. 'உங்களுக்கு என்ன குறை வைத்தோம்?' என்ற பதில் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடும். 'பேரன் தலையில் அடித்துச் சத்தியம் செய்யுங்கள்' என்று வாங்கும் வாக்கும் பயன்படாது. அடுத்த முறை அந்த எண்ணம் வரும்போது உங்களிடம் சொல்ல முடியாமல் அவர் வாயைத்தான் அது கட்டும். 'இவ்வளவு நாளாக இதைத் தனியாகத் தாங்கினீர்களா' என்று கையைப் பிடித்துக்கொண்டு அவர் பேசுவதைக் கேளுங்கள்.

6. ஆமாம் என்று சொல்லிவிட்டார். இப்போது என்ன செய்வது?

தனியாக விடாதீர்கள், இரவிலும். முறை போட்டுக்கொண்டு யாராவது அதே அறையில் படுங்கள். மருந்துகளையும் ஆபத்தான பிற பொருள்களையும் அவர் கைக்கு எட்டாமல் அகற்றுங்கள். எதையாவது உட்கொண்டுவிட்டார் என்றோ காயம் என்றோ தெரிந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், 108ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

உயிருக்கு உடனடி ஆபத்து இல்லையென்றால் அன்றோ மறுநாளோ மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. அதுவரை பேச 14416 இருக்கிறது. அது மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவை. கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணிலும் மனநல ஆலோசகர்கள் பேசுவார்கள். சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. முதியவர் பேச மறுத்தால் நீங்களே அழைத்து, என்ன செய்வது என்று கேட்கலாம்.

7. மாத்திரையைப் பூட்டி வைத்தால் மட்டும் நின்றுவிடுமா? மனதில் முடிவு செய்தவர் வேறு வழி தேடமாட்டாரா?

பலர் தேடுவதில்லை. சாக வேண்டும் என்ற வேகம் அலை மாதிரி எழுந்து தணிவது. அது உச்சத்தில் இருக்கும் நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் அந்த நேரம் கடந்துவிடும். இலங்கையில் தற்கொலை விகிதம் 1990களின் நடுவில் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. கொடிய பூச்சிமருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக அந்நாடு தடை செய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளிலேயே அது குறையத் தொடங்கிவிட்டது. நம் காட்டுமன்னார்கோயில் பகுதி கிராமங்களிலும் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுவில் பூட்டறைகள் அமைத்து வைத்துப் பார்த்திருக்கிறார்கள், விவசாயிகளும் ஒத்துழைத்தார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது சின்ன விஷயம். ஒரு வாரத்துக்கான மாத்திரையை மட்டும் நாள் வாரியாகப் பெட்டியில் போட்டுக் கொடுங்கள், மீதி உங்களிடம் இருக்கட்டும். இறந்துபோன தாத்தாவின் பழைய மருந்துகளை இன்றே அப்புறப்படுத்துங்கள். வயலுக்கான மருந்து வீட்டுக்குள் இருக்கவே வேண்டாம். 'என்னை நம்பவில்லையா' என்று அவர் கேட்டால், 'இந்த நோய் தீரும் வரைக்கும்தான் அப்பா' என்று உண்மையையே சொல்லுங்கள்.

8. அப்பாவுக்கு ஓய்வூதியம் வருகிறது, நாங்கள் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறோம். பிறகு ஏன்?

இதைக் கேட்பவர்களின் முகத்தில் கோபமும் அவமானமும் கலந்திருக்கும். நன்றாகப் பார்த்துக்கொள்ளும் வீடுகளிலும் நடக்கிறது என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். முதியவர்களிடம் நான் அதிகம் கேட்கும் சொல் 'பாரம்'. பணம் இல்லாதவரும் சொல்கிறார், இருப்பவரும் சொல்கிறார். நாற்பது ஆண்டு குடும்பத்தைச் சுமந்தவர், இப்போது கழிப்பறைக்குப் போகக்கூட ஒருவர் தோளைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் அவரைக் கேட்டு எதுவும் நடப்பதில்லை. 'நீங்கள் சும்மா உட்காருங்கள் அப்பா' என்று அன்போடுதான் சொல்கிறோம். ஆனால் அவர் காதில் 'உங்களால் இனி ஆகவேண்டியது ஒன்றுமில்லை' என்று விழுகிறது. 'நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி' என்று ஒருவர் நம்பத் தொடங்கும்போது, சாவு அவருக்குக் குடும்பத்துக்குச் செய்யும் உதவியாகவே தோன்ற ஆரம்பிக்கிறது. அந்த நம்பிக்கையைத்தான் முதலில் உடைக்க வேண்டும்.

'நீங்கள் பாரம் இல்லை' என்று சொல்வதால் மட்டும் அது உடையாது. உண்மையான வேலை வேண்டும். ஒப்புக்குக் கொடுக்கும் வேலையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பால் கணக்கு, மின்கட்டணம், பேத்தியின் கணக்குப் பாடம், ரேஷன் கடை வரிசை, வீட்டுக்கு வரும் கொத்தனாரிடம் பேரம் என எதையாவது அவர் பொறுப்பில் விடுங்கள். அவர் செய்யாவிட்டால் அது நடக்காமல் நிற்க வேண்டும். தப்பு செய்தால் அவரிடம் கோபித்துக்கொள்ளவும் செய்யுங்கள். கோபித்துக்கொள்வதும் ஒரு மரியாதை.

ஆண்கள் விஷயத்தில் இது இன்னும் அவசரம். மனைவியை இழந்த ஆணுக்குச் சாப்பாடு, மருந்து, உறவினர் தொடர்பு எல்லாம் ஒரே நாளில் அறுந்துவிடுகிறது. அத்தை வீட்டுக்கு யார் ஃபோன் செய்வார், எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்பதெல்லாம் அந்த அம்மாவுக்குத்தான் தெரிந்திருக்கும். 'எனக்கு ஒன்றுமில்லை' என்று சொல்லிப் பழகிய வாய், உதவி கேட்காது.

9. நான் வெளிநாட்டில் இருக்கிறேன். ஃபோனில் என்னதான் செய்ய முடியும்?

நிறைய. இத்தாலியின் வெனிட்டோ பகுதியில் தனியாக வாழும் முதியவர்களுக்காக 1988இல் ஒரு தொலைபேசித் திட்டம் தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் வாரம் இரண்டு முறை அழைத்து நலம் விசாரிப்பார். ஆபத்தென்றால் முதியவர் அழுத்துவதற்கு ஒரு கருவியும் உண்டு. 18,000க்கும் மேற்பட்டவர்களைப் பதினோர் ஆண்டு கவனித்ததில், எதிர்பார்க்கக்கூடிய தற்கொலைகள் சுமார் 21; நடந்தவை 6. பலன் பெண்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. ஆண்களுக்குப் பேச்சு மட்டும் போதவில்லை என்பது என் வாசிப்பு. 8ஆம் பதிலில் வேலையைப் பற்றி அவ்வளவு சொன்னது அதனால்தான்.

அழைக்கும் நாளும் நேரமும் மாறாமல் இருக்கட்டும், அவர்கள் அதற்காகக் காத்திருப்பார்கள். 'சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா' என்ற விசாரணையோடு முடிக்காமல், ஏதாவது ஒன்றுக்கு யோசனை கேளுங்கள். வத்தக்குழம்பு ஏன் கசக்கிறது, நிலத்துப் பத்திரத்தில் வடக்கு எல்லை யாருடையது என்று எதுவாகவும் இருக்கலாம். பக்கத்து வீட்டில் ஒருவரிடம் மாற்றுச் சாவியும் உங்கள் எண்ணும் இருக்க வேண்டும். முதியோருக்கான அரசு உதவி எண் 14567, காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை. கிராமத்தில் என்றால், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் பெண் தன்னார்வலரோடு பழகிக்கொள்ளுங்கள். அந்த வாசற்படியை மாதாமாதம் மிதிப்பவர் அவர்தான்.

10. அம்மாவுக்கு மறதி நோய் என்று இப்போதுதான் சொன்னார்கள். மறந்துபோகிறவருக்கு இந்த எண்ணமெல்லாம் வருமா?

ஆரம்பக் கட்டத்தில் வரலாம். என்ன நடக்கப் போகிறது என்று அவருக்கே தெளிவாகப் புரிகிற காலம் அது. நோயின் பெயரைச் சொன்ன பிறகு வரும் முதல் சில மாதங்களில் 3ஆம் பதிலில் சொன்னவற்றைக் கவனியுங்கள். அவரை வைத்துக்கொண்டே அவர் இல்லாதது போல மற்றவர்களிடம் பேசுவதை நிறுத்துங்கள்.

11. படுத்த படுக்கையான அம்மாவை அப்பாதான் பார்த்துக்கொள்கிறார். எனக்கு அவரைப் பற்றித்தான் பயம்.

உங்கள் பயம் நியாயமானது. எழுபத்தைந்து வயதில் இரவு மூன்று முறை எழுந்து மனைவியைப் புரட்டிப் படுக்கவைப்பவர் உடைந்துபோவார். 'போனால் இரண்டு பேரும் சேர்ந்தே போய்விடுகிறோம்' என்று சொன்னால் அதைக் காதலாக எண்ணி நெகிழ வேண்டாம். இரண்டு உயிர்களுக்கும் ஆபத்து என்று எடுத்துக்கொண்டு, 5, 6ஆம் பதில்களில் உள்ளபடி செய்யுங்கள். வாரத்தில் இரண்டு இரவாவது அவர் முழுசாகத் தூங்க ஏற்பாடு செய்யுங்கள். பணம் கொடுத்து ஆள் வைத்தாவது.

12. வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது மகன் சோறு போடவில்லை. இதற்கு ஆலோசனை சொல்லி என்ன பயன்?

மனநல ஆலோசனை மட்டும் சொன்னால் பயனில்லைதான். பசிக்கும் அவமதிப்புக்கும் மாத்திரை கிடையாது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நல்வாழ்வுச் சட்டம் 2007இலிருந்து இருக்கிறது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் ஒரு வெள்ளைத் தாளில் மனு கொடுத்தால் போதும். வழக்கறிஞர் தேவையில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கொடுக்க உத்தரவிடலாம்.

பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிய தானப் பத்திரத்தையோ செட்டில்மெண்டையோ, அந்த நிபந்தனை மீறப்பட்டால் ரத்து செய்ய இச்சட்டத்தின் 23ஆம் பிரிவு வழி செய்கிறது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தாயின் தானப் பத்திரத்தை ரத்து செய்து, சொத்தைத் திரும்ப ஒப்படைக்க உத்தரவிடும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு என்றும் தெளிவாக்கியது. இன்னும் எழுதிக் கொடுக்காதவர்கள் அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பிள்ளை நல்லவனாக இருந்தால் அதில் அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

13. முயற்சி செய்து பிழைத்தவர் மேல் போலீஸ் வழக்கு வருமா? 'தவறுதலாகச் சாப்பிட்டார்' என்று சொல்லிவிடலாமா?

மருத்துவரிடம் பொய் சொல்லாதீர்கள். எதை, எவ்வளவு, எப்போது என்ற உண்மையில்தான் சிகிச்சை நிற்கிறது. மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுக்கும், அது நடைமுறை. ஆனால் 2018 மே முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், முயற்சி செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதி, தண்டனையிலிருந்து காத்து, சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே இல்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்திப்பதற்காகச் செய்யும் முயற்சி மட்டும் அதில் குற்றமாக வைக்கப்பட்டிருக்கிறது.

பிழைத்தவரை வீட்டுக்கு அழைத்து வந்த பிறகுதான் அதிகக் கவனம் வேண்டும். அந்தப் பேச்சையே எடுக்காமல் மூடிவைக்கும் வீடுகளில் அவர் முன்னைவிடத் தனியாகிப் போகிறார்.

14. தொண்ணூறு வயது, புற்றுநோய், தாங்க முடியாத வலி. அவர் சாக விரும்புவது நியாயம்தானே?

அவர் நிலையில் அப்படித் தோன்றுவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் 'தாங்க முடியாத' என்ற இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். அந்த வலிக்கு முழுதாக மருந்து கொடுத்துப் பார்த்தாயிற்றா? பாலியேட்டிவ் கேர் எனப்படும் வலி தணிப்புச் சிகிச்சையை எத்தனையோ குடும்பங்கள் கேள்விப்பட்டதே இல்லை. புற்றுநோய் வலியில் பெரும்பகுதியை மார்ஃபின் போன்ற மருந்துகளால் அடக்க முடியும், அவை சட்டப்படி கிடைக்கின்றன. மக்களைத் தேடி மருத்துவத்திலும் வீட்டுக்கு வந்து செய்யும் வலி தணிப்புச் சேவை உண்டு. வலி இறங்கியதும், சாக வேண்டும் என்ற பேச்சு நின்று, பேச வேண்டிய ஆட்களின் பெயர்களைச் சொன்னவர்களை அறிவேன்.

'இனி வென்டிலேட்டர் வேண்டாம், ஐசியூவில் கிடத்தாதீர்கள், வீட்டில் போகவிடுங்கள்' என்று சொல்வது தற்கொலை ஆகாது. குணமாகாத நிலையில் செயற்கையாக உயிரை நீட்டிக்கும் சிகிச்சையை மறுக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்றது. முன்கூட்டியே எழுதி வைக்கும் நடைமுறையை 2023இல் எளிமையாக்கியது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, 'அவருக்குச் சாகத்தான் ஆசை' என்று மனச்சோர்வுக்கான சிகிச்சையையும் சேர்த்து நிறுத்திவிடுவதுதான் நடக்கக் கூடாதது.

15. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததை, அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விட்டதை, நாம் பாடமாகவே படித்தோம். முதியவர் தன் முடிவைத் தானே தேடுவதை நம் மரபு மதிக்கவில்லையா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இதைக் கேட்டார், மனைவி இறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கேள்விக்குள் இருந்த வேறு கேள்வி எனக்குக் கேட்டது.

மரபு மதித்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதையை நடுவிலிருந்து படிக்க வேண்டாம். பெற்ற மகன்களே எதிர்த்து எழுந்தார்கள் என்பதில் தொடங்குகிறது அது. போருக்குக் கிளம்பிய அரசனிடம், உனக்குப் பின் நாடு யாருக்கு, அவர்களுக்குத்தானே என்று ஒரு புலவர் கேட்டு நிறுத்துகிறார். மகன்களால் பட்ட அவமானம்தான் அந்த அரசனை வடக்கு நோக்கி உட்கார வைத்தது. இன்று அதே புண்ணோடு ஒரு தந்தை என் முன் வந்து அமர்ந்தால், எனக்கு அவர் காவியத் தலைவர் இல்லை. பிள்ளையோடு பேச்சு நின்றுபோன, தூக்கமில்லாத ஒரு மனிதர். அவருக்குச் செய்ய நம்மிடம் இன்று நிறைய இருக்கிறது. அந்த ஆசிரியரிடம் 5ஆம் பதிலில் உள்ள கேள்விகளைத்தான் கேட்டேன். ஆமாம் என்றார். அன்றே மருத்துவரைப் பார்த்தார், இப்போதும் மாதம் ஒருமுறை வருகிறார்.

16. எங்கள் வீட்டில் நடந்துவிட்டது. குழந்தைகளிடம் என்ன சொல்வது? நாங்கள் என்ன தப்பு செய்தோம்?

குழந்தைகளுக்கு எப்படியும் தெரிந்துவிடும், பள்ளி வேனிலாவது. 'தாத்தாவுக்கு மனதில் ஒரு நோய் இருந்தது. அந்த நோயால் அவரே உயிரை விட்டுவிட்டார். நீ செய்த எதனாலும் இல்லை' என்று வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். எப்படி என்ற விவரம் வேண்டாம். பிறகு அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பார்கள், ஒவ்வொரு முறையும் அதே பதிலைச் சொல்லுங்கள்.

உங்களுக்கு: அன்று காலை கடிந்து பேசிய ஒரு வார்த்தை, எடுக்காத ஒரு ஃபோன் அழைப்பு எல்லாம் இப்போது காரணமாகத் தெரியும். இப்படி ஒரு மரணத்துக்கு ஒற்றைக் காரணம் இருப்பதில்லை. இந்தப் பக்கத்தில் உள்ளவை முன்பே தெரியாமல் போனது உங்கள் குற்றமில்லை, யாரும் சொல்லித் தரவில்லை. 6ஆம் பதிலில் உள்ள எண்கள் உங்களுக்கும்தான். இப்படி ஒருவரை இழந்த குடும்பத்தில் மற்றவர்களுக்கும் ஆபத்து கூடும் என்பதால், குறிப்பாகத் தனித்துவிடப்பட்ட துணையைக் கவனியுங்கள்.

17. இதைப் படிப்பது என் பிள்ளைகள் இல்லை, நான்தான். எனக்கு எழுபத்தொன்பது வயது.

ஐயா, அல்லது அம்மா, இவ்வளவு தூரம் படித்ததற்கு நன்றி. நீங்கள் பாரம் என்று உங்கள் மனம் சொல்வதை இப்போதைக்கு நம்ப வேண்டாம். மேலே 16ஆம் கேள்வியைக் கேட்கும் குடும்பங்களை நான் பார்க்கிறேன். ஒரு வீட்டுக்கும் நிம்மதி வந்ததாகச் சொல்ல மாட்டேன்.

இன்று முடிவு எதுவும் எடுக்காதீர்கள். பிள்ளைகளிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் முன்பின் தெரியாதவரிடம் சொல்வது சில நேரம் சுலபம். 14416ஐ அழுத்தி, மொழி கேட்டால் தமிழைத் தேர்ந்தெடுங்கள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் இதையே படியுங்கள்: 'எனக்கு வாழப் பிடிக்கவில்லை என்று தோன்றுகிறது. யாரிடமாவது பேச வேண்டும்.' காது சரியாகக் கேட்காது என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், நிதானமாகப் பேசுவார்கள். மாத்திரை டப்பாவைப் பக்கத்து வீட்டுக்காரரிடமோ மருமகளிடமோ கொடுத்து, 'கொஞ்ச நாள் நீ வைத்துக்கொண்டு எனக்கு எடுத்துக் கொடு' என்று சொல்லுங்கள். காரணத்தை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.